தன்வரலாறும் நினைவுக்குறிப்பும்



ஒருவர் தம் வாழ்வைத் தாமே எழுதிய நூலெல்லாம் ஒரே வகையென எண்ணுவோர் பலர். அஃது அவ்வாறன்று. தன்வரலாறு வேறு, நினைவுக்குறிப்பு வேறு. முன்னது பிறப்புத் தொட்டு வாழ்வை முறைப்படத் தொடர்ந்து செல்வது. பின்னது வாழ்வின் ஒரு பகுதியையோ, ஒரு நிகழ்ச்சியையோ, பழகிய ஒருவரையோ தெரிந்தெடுத்துக் காட்டுவது. முன்னது ஆறு, பின்னது அவ்வாற்றில் முகந்த குடம். 'சுயசரிதை' என்னும் வடசொல் இரண்டற்கும் பொதுவாக வழங்கிக் குழப்பம் விளைக்கின்றது. தமிழ்ச்சொற்களோ வேற்றுமையைத் தாமே காட்டி நிற்கின்றன.

உ. வே. சாமிநாதையர் இருவகையும் எழுதியவர். 1940 முதல் 'ஆனந்த விகடன்' கிழமையிதழில் வெளிவந்த 'என் சரித்திரம்' அவர்தம் தன்வரலாறு. ஊரில் தொடங்கி, முன்னோரைக் கூறி, அதன் பின்னரே அவர் 1855-இல் பிறந்ததைச் சொல்வது அந்நூல். 1880-இல் குடந்தையில் சேலம் இராமசாமி முதலியார் சீவகசிந்தாமணி பற்றி எழுப்பிய வினா அதில் தனித்து நிற்கவில்லை. அதற்கு முன் கற்ற அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் ஒருபுறம். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது மறுபுறம். இடையில் நிற்றலாலேயே அவ்வினாவின் பெருமை விளங்குகின்றது.

தொடர்ச்சியே தன்வரலாற்றின் ஆற்றல். அதன் இடரும் அதுவே. 1942-இல் ஐயர் மறைந்தபோது நூல் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியளவிலேயே நின்றுவிட்டது. எஞ்சிய நாற்பதாண்டு வாழ்வு எழுதப்படவில்லை. 'நினைவு மஞ்சரி'க் கட்டுரைகளுக்கோ அக்குறை இல்லை; ஒவ்வொன்றும் தன்னளவில் நிறைவுற்றது. அவர்தம் மாணாக்கர் கி. வா. சகந்நாதன் எழுதிய 'என் ஆசிரியப்பிரான்' அவ்விடைவெளியை ஓரளவு நிரப்பிற்று. எழுதுபவர் ஒருவர், நடுநாயகர் வேறொருவர். இது நினைவுக்குறிப்புக்கே இயல்வது.

பெயர்கொண்டு வகை துணிதலும் பிழை. திரு. வி. க. 1944-இல் வெளியிட்ட நூலின் பெயர் 'வாழ்க்கைக் குறிப்புகள்'. ஆயினும் அது பிறப்பு முதலாக விரியும் தன்வரலாறே.

படிப்போர் கடனும் இரண்டாம். தன்வரலாற்றில் சொன்னது உண்மையா என்பதோடு, விடுத்தது ஏன் என்றும் வினவவேண்டும். நினைவுக்குறிப்பில் விடுதல் குற்றமன்று, திரித்தலே குற்றம்.

முழு வாழ்வையும் எழுத ஓய்வு வாய்க்கட்டும் என்று காத்திருந்து, ஒருவரியும் எழுதாமலே மறைந்த முதியோர் எத்துணையர்! அவர்களோடு ஊர் வழக்கும் தொழிற்சொல்லும் மண்ணுள் புதைந்தன. தன்வரலாற்றுக்கு ஆண்டுகள் வேண்டும். ஒரு நினைவுக்குறிப்புக்கு ஒரு மாலைப்பொழுது போதும். வீட்டு முதியோரை இன்றே எழுதச் செய்யுங்கள். கை நடுங்குமாயின், அவர்கள் சொல்ல நீங்கள் எழுதுங்கள். ஆறு வற்றுமுன் குடமேனும் நிறையட்டும்!