கணக்கில் எழுதாத டீ

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் மூத்த ஊக்குநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



குழு வளர்ந்த கதையைப் பேசச் சொன்னாங்க. அது உங்களுக்குத் தெரிந்த கதைதான். 1989-ல் நம்ம தர்மபுரி மாவட்டத்துலதான் தமிழ்நாட்டிலேயே முதல்ல மகளிர் சுய உதவிக் குழுக்களை அரசு ஆரம்பிச்சது. நான் 2001-ல் குழுவில் சேர்ந்தேன். வாரம் 20 ரூபாய் சேமிப்பு. அப்ப எனக்குக் கையெழுத்துப் போட வராது, கைநாட்டுதான். இன்னைக்கு ரொக்கப் புத்தகம், பேரேடு, தீர்மானப் புத்தகம் மூணும் நானே எழுதுறேன். பெருமைதான், இல்லேன்னு சொல்லல. ஆனா இன்னைக்கு நான் பெருமை பேச வரல. ஒரு தப்பைச் சொல்ல வந்திருக்கேன்.

சில வருஷத்துக்கு முன்னால எங்க குழு பேங்க்ல கடன் வாங்கியிருந்தது. பன்னிரண்டு பேர். அதுல ஒருத்தி ரெண்டு தவணை கட்டல. அவ பேரைச் சொல்ல மாட்டேன். இதை மேடையில பேசப் போறேன்னு அவகிட்ட கேட்டேன். "சொல்லுங்கக்கா, பேரு மட்டும் வேணாம்"னு சொன்னா.

ஒருத்தர் கட்டலேன்னா மத்தவங்கதான் போட்டுக் கட்டணும். எல்லாருக்கும் கோபம். அந்த நேரத்துல ஒரு உறுப்பினர் வந்து, "அவளைப் பாலக்கோட்டுல ஓட்டல்ல பார்த்தேன். பிள்ளையை வெச்சுக்கிட்டு பரோட்டா தின்னுட்டு இருந்தா"ன்னு சொன்னாங்க. அவ்வளவுதான். அடுத்த கூட்டத்துல எல்லார் முன்னாடியும் நான்தான் கேட்டேன்: "பரோட்டா திங்கக் காசு இருக்கு, தவணை கட்டக் காசு இல்லையா?"

அவ பதில் பேசல. தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அன்னைக்குச் சாயங்காலம் நாங்க ஏழு பேர் அவ வீட்டுத் திண்ணையில போய் உக்காந்தோம். விளக்கு வெச்சும் எழுந்திருக்கல. தெருவே நின்னு வேடிக்கை பார்த்தது. எட்டு மணிக்கு அவ மாமியார் உள்ளே போய், ஒரு பித்தளை அண்டாவைத் தூக்கிட்டு வந்து எங்க முன்னால வெச்சாங்க. "காலையில அடகு வெச்சுக் குடுத்துடறோம், போங்கம்மா"ன்னு சொன்னாங்க. மறுநாள் பணம் வந்தது. "பாக்கி இல்லை" என்று நான் புத்தகத்தில் எழுதினேன்.

அந்த வருஷ விழாவில் எங்க குழுவுக்கு நூறு சதவீத வசூலுக்காகப் பரிசு குடுத்தாங்க. நான்தான் மேடையேறி வாங்கினேன். எல்லாரும் கை தட்டினீங்க. அவளும் கீழே உக்காந்து கை தட்டினா. அதை என்னால மறக்க முடியல.

ஒரு வருஷம் கழிச்சு, தக்காளி பறிக்கப் போன இடத்துல அவளே அந்த நாளைப் பத்திச் சொன்னா. அந்த சீசன்ல தக்காளி விலை எப்படி விழுந்ததுன்னு உங்களுக்குத் தெரியும். பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாம எத்தனை பேர் காட்டுலயே விட்டோம், ரோட்டோரம் கொட்டினோம்! அன்னைக்கு அவ பத்துப் பெட்டி மண்டிக்கு ஏத்திட்டுப் போயிருக்கா. வண்டி வாடகை, கமிஷன், சுமைக்கூலி எல்லாம் போக கையில வந்தது 180 ரூபாய்.

"அக்கா, அந்தப் பணம் தவணைக்கும் பத்தாது, உரக்கடை பாக்கிக்கும் பத்தாது. மண்டிக்குப் போறப்பெல்லாம் பையன் அந்தக் கடையைப் பார்ப்பான். வாங்கித் தாம்மான்னு ஒரு வருஷமா கேட்டுக்கிட்டு இருந்தான். எதுக்குமே பத்தாத காசு, அவன் வயித்துக்காவது பத்தட்டும்னு கூட்டிட்டுப் போனேன். நான் தின்னலக்கா, அவன் தின்னதைப் பார்த்தேன்"னு சொன்னா.

எனக்கு அப்ப என் டீ ஞாபகம் வந்தது. மாசாமாசம் பேங்க் வேலை முடிச்சு, பஸ் ஸ்டாண்டு பேக்கரியில ஒரு டீ, ஒரு பஜ்ஜி. என் சொந்தக் கூலிக் காசுதான், குழுக் காசு இல்ல. அந்தப் பத்து நிமிஷம் யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க, யாருக்கும் நான் சோறு போட வேண்டாம். கண்ணாடி கிளாஸைக் கையில பிடிச்சுக்கிட்டு போற வர்ற பஸ்ஸைப் பார்த்துக்கிட்டு இருப்பேன். ஆனா வீட்டுல சொன்னதே இல்ல. "பேங்க்ல கூட்டம், நேரமாயிடுச்சு"ன்னுதான் சொல்லுவேன். பன்னிரண்டு பேர் கணக்கைப் பைசா விடாம எழுதுற நான், என் டீயை ஒளிச்சு வெச்சிருந்தேன். அப்படிப்பட்ட நான் அவ பிள்ளையோட பரோட்டாவைக் கூட்டத்துல வெச்சுக் கணக்குக் கேட்டிருக்கேன்.

இப்ப வெளியில நம்மளைப் பத்தி என்ன பேசறாங்கன்னு பாருங்க. 2021-ல் டவுன் பஸ்ல நமக்குக் கட்டணம் இல்லேன்னு ஆனது. "ஓசி பஸ்ல ஊர் சுத்துறாளுங்க"ன்னு காது படவே சொல்றாங்க. 2023 செப்டம்பர்ல மாசம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை வர ஆரம்பிச்சது. "பூ வாங்குறா, பொட்டு வாங்குறா"ன்னு டீக்கடையில உக்காந்து பேசறாங்க. பேசற ஆம்பளை கையிலயும் டீ இருக்கு. அந்த டீ எந்தக் காசுன்னு யாரும் கேக்கறதில்ல. நமக்குக் கோபம் வருது, நியாயம்தான். ஆனா நான் அவகிட்ட கேட்ட கேள்வியும் அதே கேள்விதானே? அடுத்தவங்க நம்மளைப் பார்க்கிற கண்ணாலயே நானும் அவளைப் பார்த்திருக்கேன்.

கடனைத் திருப்பிக் கட்ட வேண்டாம்னு நான் சொல்லல. வாங்கின கடனைக் கட்டணும். அதுல மாத்துக் கருத்தே இல்ல. கட்டலேன்னா குழுவே நிக்காது. ஆனா கட்ட முடியாதவளுக்கும் கட்ட மனசில்லாதவளுக்கும் வித்தியாசம் தெரியணும். அது புத்தகத்தைப் பார்த்தா தெரியாது, உக்காந்து பேசினாத்தான் தெரியும். அவளை "என்னாச்சு"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, ரெண்டு தவணையை ஆறாப் பிரிச்சுக் கட்டச் சொல்லியிருப்போம். அண்டா வீட்டுலயே இருந்திருக்கும்.

இப்ப எங்க குழுவுல மூணு தீர்மானம் போட்டிருக்கோம். தவணை நின்னா, கூட்டமாப் போகக் கூடாது. ரெண்டு பேர் போகணும், அதுவும் பகல்ல. முதல் கேள்வி "எப்பக் கட்டுவ"ன்னு இருக்கக் கூடாது, "வீட்டுல எப்படி இருக்கு"ன்னு இருக்கணும். மூணாவது, யார் தட்டுல என்ன இருக்கு, யார் தலையில என்ன பூ இருக்குன்னு கூட்டத்துல பேசக் கூடாது. பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அதுக்கப்புறமும் தவணை தாமதமாயிருக்கு. ஆனா யாரும் குழுவை விட்டுப் போகல, எந்தப் பணமும் முழுகல.

கணக்குக் கேக்கற குணம் நமக்கு நல்லா வந்திருக்கு. அதை விட வேண்டாம். ஆனா கேக்க வேண்டிய இடத்துல கேப்போம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மாதிரி நாள்ல கிராம சபை நடக்குது. அங்கே வரவு செலவு வாசிக்கும்போது நம்மில் எத்தனை பேர் நிமிர்ந்து உக்காந்து கேக்கறோம்? கையெழுத்துப் போட்டுட்டு, அடுப்புல உலை வெச்சது ஞாபகம் வந்து எழுந்து ஓடறோம். நானும் ஓடியிருக்கேன். ஒரு பரோட்டாவுக்கு அவ்வளவு சத்தமாக் கேட்ட என் வாய், எங்க தெருவுல ஒரு வருஷமா எரியாத விளக்குக்கு ஒரு தடவைகூடத் திறக்கல. போன அக்டோபர்ல எழுந்து கேட்டேன். கை நடுங்கிச்சு. விளக்கு வந்துடுச்சு.

கடைசியா, கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். நூறு சதவீத வசூலுக்குப் பரிசு குடுக்கும்போது, எப்படி வசூல் பண்ணீங்கன்னும் ஒரு வார்த்தை கேளுங்க. நான் வாங்கின பரிசைத் திருப்பிக் குடுக்கறேன்னு சொல்ல வரல, அது எவர்சில்வர் தட்டு, வீட்டுல புழங்கிக்கிட்டு இருக்கு. அதுல சோறு போடறப்பெல்லாம் அந்த அண்டா ஞாபகம் வருது.

அந்த அண்டாவை மூணு வருஷம் கழிச்சுத்தான் அவ மீட்டா. இப்ப பேங்குக்கு நாங்க ரெண்டு பேரும்தான் போறோம், அவ இப்ப எங்க குழுப் பிரதிநிதி. வேலை முடிஞ்சதும் ரெண்டு டீ சொல்லுவோம். ஒரு மாசம் நான் காசு குடுப்பேன், ஒரு மாசம் அவ குடுப்பா. வீட்டுல கேட்டா, "டீ குடிச்சுட்டு வந்தேன்"னு இப்ப நான் சொல்றேன்.