பெரிய டயர் போட்டாச்சு, கியர்?

இன்னைக்கு ஜீப் ராங்லர் ரூபிகான், 2012 மாடல். அமெரிக்காவுல இதை வாங்குற பலர் முதல்ல செய்யுற வேலை, 32 இன்ச் டயரைக் கழட்டிட்டு 35 மாட்டுறது. பார்க்க செம கெத்து. ஆனா மேடு வந்ததும் வண்டி மூச்சு வாங்கும். டயர் ஒரு சுத்துக்கு அதிக தூரம் போகுது இல்லையா, அதனால கம்பெனி கொடுத்த 4.10 ஆக்ஸில் ரேஷியோ நடைமுறையில 3.75 மாதிரி ஆகிடுது. ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும்: 60 மைல் காட்டுறப்போ நிஜத்துல 65-ஐத் தாண்டியிருப்பீங்க.

கணக்கு சுலபம். புது டயர் உயரத்தைப் பழைய உயரத்தால வகுத்து, பழைய ரேஷியோவால பெருக்குங்க. 4.48 வரும். அந்த நம்பர்ல கியர் கிடைக்காது, கிடைக்கிறது 4.56, 4.88. பக்கத்துல இருக்கேன்னு 4.56 எடுக்கத் தோணும். நான் 4.88 கட்சி. ஏன்னா கணக்குல உயரம் மட்டும்தான் இருக்கு. டயரோட கூடுதல் எடை, வண்டியை உயர்த்தினதால வர்ற காற்றுத் தடை, பின்னாடி ஏத்துற சாமான் எதுவுமே அதுல இல்லை. நாள் பூரா ஹைவேயிலயே ஓட்டுறவங்களுக்கு 4.56 போதும்.

முக்கியமான விஷயம், இது நாலு சக்கரமும் இழுக்குற வண்டி. பின் ஆக்ஸிலை மட்டும் மாத்திட்டு ஃபோர் வீல் டிரைவ் போட்டா, முன்னும் பின்னும் ஒண்ணையொண்ணு எதிர்த்து இழுத்து டிரான்ஸ்ஃபர் கேஸே உடையலாம். அதனால ரெண்டு ஆக்ஸிலுக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்க. நம்ம ஊர் மெக்கானிக் ‘கிரவுன் பினியன்’னு சொல்ற அந்த ஜோடியை ஷிம் வெச்சு, பல் இடைவெளியை அளந்து பூட்டணும். சரியா பூட்டலைன்னா ஊளைச் சத்தம் வரும். ஆயில் மாத்தினா அது போகாது.