கூடி வாங்குவோம்!



விலை ஏறும்போது ஏழை முதலில் இழப்பது தேர்வுரிமையை. கடனுக்கு வாங்குவோன் விலை கேளான், நிறையும் பாரான். 1844-இல் இங்கிலாந்தின் இராச்சுடேல் ஊரில் நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் ஆளுக்கொரு பவுண்டு சேர்த்துக் கடை திறந்தனர். மாவும் வெண்ணெயும் கலப்பின்றிக் கைக்காசுக்கே விற்றனர். எஞ்சிய வருவாயை அவரவர் வாங்கிய அளவுக்கேற்பப் பகிர்ந்தனர். 1904-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் 14 பேர் அவ்வழியே கூட்டுறவுக் கடை கண்டனர்.

இன்று பங்கீட்டுக் கடை அரிசியை விலையின்றி வழங்குகிறது. ஆயினும் புளிக்கும் மிளகாய்க்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் வட்டிக்கடைப் படியேறுவோர் பலர். தெருவுக்குப் பத்து இல்லத்தார் திங்கள்தோறும் சிறுதொகை சேர்க்கட்டும். உழவரிடம் ஒருசேர வாங்கட்டும். கணக்கைத் தமிழில் எழுதி அனைவர்க்கும் காட்டட்டும். தனியே நின்றால் கடனாளி. கூடி நின்றால் கடைக்கு உரியவர். இத்திங்களே தொடங்குக!