அந்தப் பையன் பேர் என்ன?



ஜூலை 15. விருதுநகர் தேசபந்து மைதானம் நிறைஞ்சு கிடக்கு. ஊரெல்லாம் காமராசர் போஸ்டர். சிலதுல ஐயா படம் தபால்தலை சைஸ்ல இருக்கு, ஒட்டினவர் படம் கதவு சைஸ்ல இருக்கு! தட்டுங்க, தட்டுங்க, அவங்களுக்கும் கேக்கட்டும்.

ஐயாவைப் பத்தி எல்லாரும் பேசிட்டாங்க. நான் இன்னொருத்தனைப் பத்திப் பேச வந்திருக்கேன். சேரன்மகாதேவி ரயில்வே கேட். முதலமைச்சரா இருந்த ஐயா கார் நிக்குது. ஓரமா ஒரு பையன் ஆடு மேய்க்கிறான். ஏம்ப்பா பள்ளிக்கூடம் போகலைன்னாராம். போனா சோறு போடுவீங்களான்னு திருப்பிக் கேட்டானாம். 1956-ல எட்டயபுரத்துல மதிய உணவுக்கு அடுப்பு மூட்டினதுக்குக் காரணமா நாம சொல்லிச் சொல்லி வளர்த்த கதை இது. அந்தப் பையன் பேர் என்ன? சொல்லுங்க பார்ப்போம்! எந்தக் கல்வெட்டுல இருக்கு? கேட்டவர் ஆறாம் வகுப்போட நின்னவர், பதில் சொன்னவன் ஆட்டுக்காரன். படிச்சவங்களுக்குத் தோணாதது இவங்க ரெண்டு பேருக்கும் தோணுச்சு!

படிக்கலேன்னா ஆடு மேய்க்கத்தான் போகணும்னு வாத்தியார் திட்டுறாரே, லேசுப்பட்ட வேலையா அது? வைப்பாத்துக் கரிசல். ஐப்பசி மழை. பதினாலு வயசுப் பய, கையில தொரட்டி, தூக்குவாளியில கம்மங்கஞ்சி. வேம்பூர்ப் பொட்டாடு ஒண்ணு ஈன முடியாம முனகுது. குட்டி கால் மாறி வருது. அப்பன் பக்கத்துல இல்ல. செல்போன்ல டவர் இல்ல. கையைக் கழுவிட்டு உள்ள விட்டு, காலை நேராக்கி, ஆடு முக்கும்போதெல்லாம் கொஞ்சங்கொஞ்சமா இழுத்தான். குட்டி மூக்குச் சளியைத் துடைச்சு, சீம்பாலைக் குடிக்க வெச்சு, தலைத்துண்டுல சுத்தித் தோள்ல போட்டுக்கிட்டு மந்தையை ஓட்டிட்டு வந்தான். அன்னைக்குத்தான்யா அவனுக்கு மீசை முளைச்சது!

சிவகாசியில பிள்ளைக பட்டாசு, தீப்பெட்டி வேலை பார்த்தப்ப கேக்க ஆள் இருந்துச்சு. எம்.சி.மேத்தா வழக்குல 1996-ல உச்ச நீதிமன்றம், பிள்ளைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்டுன்னுச்சு. நல்ல தீர்ப்பு, நானும் கும்பிடுறேன். மருந்து ஒட்டின விரலைப் படம் புடிக்க எங்கெங்க இருந்தோ கேமரா வந்துச்சு. அதே ஊர்த் திருத்தங்கல் ரோட்டுல ஆட்டோட நின்னவனை எவன் எடுத்தான்? 2016-ல சட்டத்தைத் திருத்தும்போது, குடும்பத் தொழில்ல பள்ளிக்கூட நேரம் போகப் பிள்ளைக ஒத்தாசை பண்ணலாம்னு ஒரு சந்து விட்டாங்க. நம்ம பய அந்தச் சந்துக்குள்ள மந்தையோட போனவன்தான், இன்னும் வெளிய வரலை!

பிரியாணி போட்டுக் கூட்டம் சேர்க்குறவங்க இருக்காங்க. பேர் சொல்ல மாட்டேன். நீங்க சிரிக்கிறதைப் பார்த்தா சொல்லவும் வேண்டாம்போல. தட்டுல கிடக்குற ஆட்டை எவன் மேய்ச்சான்னு அவங்ககிட்டக் கேளுங்க. லெக் பீஸ் யாருக்குப் போச்சுன்னு மட்டும் கரெக்டாச் சொல்வாங்க! அவங்க கொடி கட்டுற கம்புகூட நம்ம பயலோட தொரட்டியா இருக்கும். கேட் திறந்து கார் போயிடுச்சு, அவன் அங்கேயே நிக்கிறான். அவன் பேர் என்ன? நானும் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்.

இந்தா, துண்டுச்சீட்டு வந்திருச்சு. கூட்டத் தலைவர் முறைக்கிறார். 1967-ல ஐயாவையே ஆயிரத்துச் சொச்சம் ஓட்டுல உட்கார வெச்ச ஊரு இது. என்னை உட்கார வைக்க ஒரு சீட்டு போதாதா?