டப்பா மாவும் மல்லாட்டையும்

(முண்டியம்பாக்கத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



விழுப்புரம் கடைத்தெருவில் புரதச் சத்து மாவு டப்பா டப்பாவாக விற்பனையாகிறது. உடற்பயிற்சி செய்யும் பையன் கேட்கிறான், படிக்கும் பெண்ணுக்கு வேண்டும் என்று கூலி வேலை செய்யும் குடும்பங்களும் அதை வாங்கக் காண்கிறோம். மணிலாக் கொட்டையை ஒரு படிகூட வீட்டுக்கு வைக்காமல் கமிட்டியில் போட்டுவிட்டு, அந்தப் பணத்தில் டப்பா வாங்கி வருவோரும் நம்மிடையே உண்டு. இந்த வியாபாரம் நமக்குக் கட்டுமா என்று பார்ப்போம்.

புரதம் வேண்டாமென்று எவரும் சொல்லார். எவ்வளவு வேண்டும் என்பதே கேள்வி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்தபடி, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் போதும். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு இது ஏறக்குறைய 54 கிராம். நூறு கிராம் துவரம் பருப்பில் 20 கிராமுக்கு மேலும், மணிலாப் பருப்பில் சுமார் 25 கிராமும் புரதம் உண்டு. ஒரு முட்டையில் 6 கிராம். அரிசியில் லைசின் என்னும் கூறு குறைவு. பருப்பில் அது மிகுதி. இரண்டும் சேர்ந்தால் குறை நீங்குகிறது. ஆனால் நம் இலையில் சோறு குன்றுபோல் இருக்கிறது, சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது. கோளாறு அங்கேதான்.

பக்குவம் செய்த உணவு யாவும் தீது என்பது நம் கருத்தன்று. 1950-களில் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார், எண்ணெய் நீக்கிய மணிலா மாவு மூன்று பங்கும் கடலை மாவு ஒரு பங்கும் கலந்து, ‘பல்நோக்கு உணவு’ என்று ஒன்றைச் செய்தார்கள். நூற்றுக்குச் சுமார் 42 பங்கு புரதம். அது சத்துக் குறைவால் வாடியவர்களை எண்ணிச் செய்தது. இன்றைய டப்பாவின் கதை வேறு. ஐதராபாத் தேசிய உணவூட்ட நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், உடலைப் பெருக்கப் புரத மாவு உண்பதைத் தவிர்க்கும்படி கூறியுள்ளது. பல மாவுகளில் சர்க்கரையும் செயற்கை மணமும் சேர்கின்றன. ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பும் நமக்குச் சர்க்கரையின் விலை தெரியும். அதைப் புரதத்தின் விலைக்கு வாங்குவானேன்? டப்பாவின் பின்புறம் அச்சிட்டிருப்பதைப் பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

மற்றொன்று, சிறுநீரகம். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்குச் சிறுநீரகம் பழுதுபட்டிருப்பது வெகுநாள் வெளியே தெரியாது. அத்தகையோருக்கு மிகுதியான புரதம் பெருங்கேடு. நம் ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இரத்தம் சோதித்துக் கொள்ளாமல் அவர்கள் இந்த மாவைத் தொடலாகாது.

அப்படியானால் மல்லாட்டையைப் பயமின்றித் தின்னலாமா என்பீர்கள். காய்ந்ததைத் தின்னலாம். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. பிரேசிலிலிருந்து வந்த மணிலாப் பிண்ணாக்கில் பூஞ்சை விளைவித்த அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சே காரணம். மனிதருக்கு அது கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். வறுத்தாலும் முற்றும் நீங்காது. பிடுங்கிய கொட்டையை ஈரத்தோடு குவிப்பதே பூஞ்சைக்கு இடம். சுருங்கியதையும் நிறம் மாறியதையும் பொறுக்கி எறியுங்கள்; மாட்டுக்கும் வைக்காதீர்கள்.

நம் விவசாயிகள் பலர் தார்ச்சாலையில் காயவைக்கிறார்கள். மழை வந்தால் அள்ளிக் குவிக்கிறார்கள். ஊராட்சி உறுப்பினர்கள் வந்திருக்கிறீர்கள். அடுத்த கிராம சபையில் உலர்களத்துக்கும் தார்ப்பாய்களுக்கும் தீர்மானம் கொண்டுவாருங்கள். அறுவடைக்கு முன்பே களம் தயாராக வேண்டும்.