வளைவுக்கு முன்னே வேகம், வளைவுக்குள்ளே நிதானம்

(தோட்ட விளையாட்டு மைதானத்தில், மோட்டார் சைக்கிள் ஓட்டும் இளைஞர்களுக்கும் அவர்களது குடும்பத்தாருக்கும் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



ஒரு காலத்தில் தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால், துரை வருகிறார் அல்லது கண்டக்டர் ஐயா வருகிறார் என்று அர்த்தம். இன்றைக்கு அப்படியில்லை. அநேகமான லயங்களின் வாசலில் ஒரு வண்டியாவது நிற்கிறது. ஒருவர் லீசிங் போட்டு எடுத்திருக்கிறார். இன்னொருவர் கொழும்பில் கடையில் நின்று காசு சேர்த்து வாங்கியிருக்கிறார். வேறொரு வீட்டில் வெளிநாட்டில் வேலை செய்யும் அம்மா அனுப்பிய பணம் வண்டியாக நிற்கிறது. இது நல்ல முன்னேற்றம். அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலாம், பிள்ளையை நேரத்தோடு பாடசாலையில் விடலாம்.

ஆனால் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். தையல் மெஷின் வாங்கினால், தைக்கப் பழக்கித் தர ஓர் ஆளைத் தேடுகிறோம். கவ்வாத்துக் கத்தியைக் கையில் கொடுத்தால், எந்த இடத்தில் எப்படி வெட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறோம். மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் "ஓட்ட ஓட்டத் தானா வந்துடும்" என்கிறோம். தானாக வருவது ஓட்டம்தான். ஆபத்து வரும் நேரத்தில் வண்டியை எப்படித் திருப்புவது என்பது தானாக வருவதில்லை. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

ஒரு சின்னக் கேள்வி

தம்பிமாரிடம் ஒரு கேள்வி. நாற்பது கிலோமீற்றர் வேகத்தில் போகிறீர்கள். முன்னால் இடப்பக்க வளைவு. ஹாண்டிலை என்ன செய்வீர்கள்?

"இது என்ன சேர் கேள்வி? இடப்பக்கம் திருப்ப வேண்டியதுதானே!" என்று சிரிப்பீர்கள். ஆனால் அது சரியான பதில் இல்லை. மெதுவாக, நடக்கிற வேகத்தில் வண்டியைத் திருப்பும்போது மட்டுமே ஹாண்டிலை இடப்பக்கம் திருப்பினால் வண்டி இடப்பக்கம் போகும். ஏறக்குறைய இருபது கிலோமீற்றருக்கு மேலே போனால் கணக்கு மாறிவிடும். அப்போது வண்டி திரும்ப வேண்டுமானால் சரிய வேண்டும். இடப்பக்கம் சரிவதற்கு, இடது கைப்பிடியை முன்பக்கமாக இலேசாகத் தள்ள வேண்டும். அதாவது ஹாண்டில் ஒரு கணம் வலப்பக்கம் திரும்புகிறது, வண்டி இடப்பக்கம் சரிகிறது, சரிந்த பக்கமே போகிறது.

நம்ப முடியவில்லையா? வீட்டுக்குப் போனதும் ஒரு விளக்குமாற்றுக் கட்டையை உள்ளங்கையில் நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். கட்டை இடப்பக்கம் சாய வேண்டுமானால், கையை முதலில் வலப்பக்கம் நகர்த்த வேண்டும். அடி வலப்பக்கம் போனால் தலை இடப்பக்கம் சாயும். மோட்டார் சைக்கிளும் அதே மாதிரிதான். முன் டயர்தான் அடி, நீங்களும் வண்டியின் உடம்பும்தான் தலை.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியுமல்ல. 1903இல் ஆகாய விமானத்தைப் பறக்கவிட்ட ரைட் சகோதரர்கள் அமெரிக்காவில் சைக்கிள் செய்து விற்றவர்கள். அவர்களில் ஒருவரான வில்பர் ரைட், சைக்கிள் ஓட்டுகிற பலரிடம் "எப்படித் திருப்புகிறீர்கள்?" என்று கேட்டுப் பார்த்தார். ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் கை அறியாமல் அப்படித்தான் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

"கை தானாகச் செய்கிறதென்றால், எதற்குப் படிக்க வேண்டும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் இதுதான்: பயம் வந்தால் கை மறந்துவிடும்.

பயத்தில் என்ன நடக்கிறது?

நமது மலைப்பாதைகளை நினைத்துப் பாருங்கள். கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறினாலும் சரி, றம்பொடையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறினாலும் சரி, வளைவுக்கு மேல் வளைவு. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். இடப்பக்க வளைவொன்றுக்குள் ஒரு தம்பி கொஞ்சம் வேகமாக வந்துவிடுகிறார். வண்டி நடுக்கோட்டைத் தாண்டி வெளியே இழுக்கிறது. எதிரே பஸ். அந்த நேரத்தில் அவர் பதறிப்போய், தள்ளுவண்டியைத் திருப்புகிற மாதிரி ஹாண்டிலை இடப்பக்கம் பலமாகத் திருப்பப் பார்க்கிறார். வலது கை தள்ளுகிறது, இடது கை இழுக்கிறது. வண்டி நிமிர்ந்து வலப்பக்கம் போகிறது. வலப்பக்கம்தான் பஸ் இருக்கிறது. பார்க்கிறவர்கள் "பையன் நேரே போய் மோதிட்டான், பேய் பிடிச்ச மாதிரி" என்பார்கள். பேயுமில்லை, விதியுமில்லை. கைக்குத் தெரியாததைக் கை செய்யவில்லை, அவ்வளவுதான்.

இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய்ப் பார்த்து, ஹரி ஹர்ட் என்பவரின் குழு 1981இல் அறிக்கை கொடுத்தது. விபத்துக்குள்ளானவர்களில் நூற்றுக்கு 92 பேர் தாமாகவோ அல்லது வீட்டாரிடமும் கூட்டாளிமாரிடமுமோ ஓட்டப் பழகியவர்கள். ஆபத்து நேரத்தில் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்திருக்கிறார்கள், முன் பிரேக்கைச் சரியாகப் பிடிக்கவில்லை. கைப்பிடியைத் தள்ளி வண்டியை விலக்கும் முறையோ அநேகமாக ஒருவருக்கும் கைவரவில்லை. அது வேறு நாடு, வேறு காலம்தான். ஆனால் மனிதனின் கையும் பயமும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

வளைவில் செய்ய வேண்டியவை

முதலாவது, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். பிரேக்கும் கியரும் நேர்ப்பாதையிலேயே முடிந்துவிட வேண்டும். சரிந்திருக்கும் வண்டியில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் டயர் வழுக்கிவிடும்.

இரண்டாவது, போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். கண் எங்கே போகிறதோ வண்டியும் அங்கே போகும். கானைப் பார்த்தால் கானுக்குள் போவீர்கள், பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்குள் போவீர்கள். தலையைத் திருப்பி வளைவின் முடிவைப் பாருங்கள்.

மூன்றாவது, திரும்ப வேண்டிய பக்கத்துக் கைப்பிடியைத் தள்ளுங்கள். இடப்பக்கத்துக்கு இடது கை, வலப்பக்கத்துக்கு வலது கை. தோளை விறைக்காமல் முழங்கையைத் தளர்த்தி வைத்திருங்கள். விறைத்த கைக்கு வண்டி சொல்வது விளங்காது.

நான்காவது, வலப்பக்க வளைவில் நடுக்கோட்டை ஒட்டிப் போகாதீர்கள். டயர் நமது பக்கத்தில் இருக்கும். ஆனால் சரிந்த உடம்பும் தலையும் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும். எதிரே கொழுந்து லொறி வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்கு முழு ரோட்டும் தேவைப்படும். ஹோன் அடித்து, காது கொடுத்துக் கேட்டு, வழி விடுங்கள்.

ஐந்தாவது, புறப்படும் முன் சைட் ஸ்டாண்டைத் தட்டிவிட்டீர்களா என்று பாருங்கள். மறந்துபோய் இடப்பக்கம் சரிந்தால் அந்த ஸ்டாண்டே தரையில் குத்தி ஆளைத் தூக்கி எறியும்.

இறக்கமும் பிரேக்கும்

2022இல் பெட்ரோல் வரிசையில் இரவிரவாக நின்றவர்கள் நாம். அதன் அருமை நமக்குத் தெரியும். ஆனாலும் இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதும், இஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டுவதும் கூடவே கூடாது. இஞ்சின் பிடித்து வைத்திருக்க வேண்டிய பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். பிரேக் சூடேறினால் பிடிக்காது. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில், பாடசாலைப் பிள்ளைகள் வந்த பஸ் இறக்கத்தில் ஒரு வேனையும் முச்சக்கர வண்டியையும் மோதி ஏழு உயிர்கள் போனதை மறந்திருக்க மாட்டோம். இறக்கத்துக்குப் பயப்படுவது கோழைத்தனமல்ல. ஏற எந்தக் கியரோ, இறங்கவும் அந்தக் கியர்.

நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன் பிரேக்கில்தான் இருக்கிறது. "முன் பிரேக் பிடிச்சா கவிழ்ந்துடும்" என்று அதைத் தொடாமலே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கவிழ்வது திடீரென்று வெடுக்கென இழுப்பதால்தான். பால் கறக்கும்போது விரலை எப்படிப் படிப்படியாக இறுக்குகிறோமோ, அப்படி இறுக்குங்கள். பின் பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். மழை ஈரத்திலும், சல்லிக்கல் ரோட்டிலும், பாசி படர்ந்த கொங்கிரீட் பாதையிலும் இன்னும் மெதுவாக.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. நாற்பது கிலோமீற்றரில் போகும்போது ஒரு செக்கனுக்கு 11 மீற்றர் ஓடுகிறீர்கள். அறுபதில் போனால் 17 மீற்றர், அதாவது பத்தடிக் காம்பிரா ஐந்துக்கும் மேல். நாய் குறுக்கே வந்ததைக் கண்டு கை பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அவ்வளவு தூரம் போய்விடும். நிறுத்துவது அதற்குப் பிறகுதான்.

பின்னால் இருப்பவர்கள்

தாய்மார்களுக்கும் சொல்ல வேண்டும். பின்னால் இருப்பவர் ஓட்டுகிறவரோடு சேர்ந்து சரிய வேண்டும். பயந்து மறுபக்கம் சாய்ந்தால் வண்டி திரும்பாது. சேலைத் தலைப்பையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். சக்கரத்தில் சிக்கினால் கழுத்தையே இழுக்கும். இரண்டு பேருக்கு மேல் ஏறாதீர்கள். அரிசி மூட்டையோ, புல்லுக்கட்டோ, 12.5 கிலோ கேஸ் சிலிண்டரோ பின்னால் கட்டினால் முன் சக்கரம் இலேசாகிவிடும், ஹாண்டில் சொன்னபடி கேட்காது. பாரம் இருந்தால் வேகத்தைப் பாதியாக்குங்கள்.

ஹெல்மட் இருவருக்கும் வேண்டும். பொலிஸ்காரரைக் கண்டதும் தலையில் கவிழ்த்துவதற்கல்ல அது. பட்டியை மாட்டாத ஹெல்மட், விழும்போது நமக்கு முன்னே பறந்துவிடும். பல நாடுகளில் நடந்த 61 ஆய்வுகளைத் திரட்டி 2008இல் வெளியிட்ட கணக்கின்படி, ஹெல்மட் போடுவதால் மரண ஆபத்து நூற்றுக்கு 42 பங்கும், தலைக்காயம் நூற்றுக்கு 69 பங்கும் குறைகிறது. ஒரு தரம் பலமாக அடிபட்ட ஹெல்மட்டைத் திரும்பப் பாவிக்காதீர்கள்.

சம்பள நாளன்று கொஞ்சம் போட்டுக்கொண்டு ஓட்டுகிறவர்களுக்கு நான் நீளமாகச் சொல்லப் போவதில்லை. குடித்தால் சாவியை வீட்டில் கொடுத்துவிடுங்கள். கேட்டு வாங்குகிற உரிமை மனைவிக்கும் தாய்க்கும் உண்டு.

மைதானத்தில் பழகுங்கள்

நான் இன்று சொன்னதைக் கேட்டுவிட்டு நாளைக்கு நேரே மெயின் ரோட்டில் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம். இந்த மைதானம் இருக்கிறது. பிள்ளைகள் விளையாடாத நேரத்தில், புல் காய்ந்திருக்கும் நாளில் வாருங்கள். ஹெல்மட், சப்பாத்து, நீளக் காற்சட்டை, நீளக்கை சட்டை கட்டாயம். அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

முதலில் இருபத்தைந்து கிலோமீற்றர் வேகத்தில் நேராகப் போய், இடது கைப்பிடியை இரண்டு விரலால் தள்ளுவது போல மிக இலேசாகத் தள்ளிப் பாருங்கள். வண்டி இடப்பக்கம் சரிவது தெரியும். பிறகு வலது கை. பலமாகத் தள்ள வேண்டாம். அது பழகிய பிறகு, ஒரு வெறும் உரப் பையைத் தரையில் விரித்து வைத்து, அதை விலகிப் போகப் பழகுங்கள். ஒரு பக்கம் தள்ளி விலகு, மறுபக்கம் தள்ளி நேராக வா. விலகும்போது பிரேக் பிடிக்கக் கூடாது. விலகுவது வேறு, நிறுத்துவது வேறு. ஒரே நாளில் முடியாது. கிழமைக்கு ஒரு தரம், அரை மணித்தியாலம் போதும். கைக்குப் பழகிவிட்டால் பயத்திலும் மறக்காது.

"பத்து வருஷமா ஓட்டுறேன், எனக்கு எதுக்கு?" என்கிற அண்ணன்மாருக்கும் ஒரு வார்த்தை. உங்களைப் பார்த்துத்தான் தம்பிமார் பழகுகிறார்கள். நீங்கள் வந்து நின்றால் அவர்களும் வருவார்கள். ஸ்கூட்டர் ஓட்டும் தங்கச்சிமாரும் தயங்காமல் வர வேண்டும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு விபத்தைக் காண நேர்ந்தால், 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் காசில்லாமல் வரும். விழுந்தவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் திணிக்காதீர்கள். கழுத்தெலும்பு அடிபட்டிருக்கலாம். மூச்சு இருந்தால் ஹெல்மட்டை இழுத்துக் கழற்றாமல், தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, வருகிற வாகனங்களைத் தடுத்து வையுங்கள்.

வீட்டாருக்குக் கடைசியாக ஒன்று. நமது வீடுகளில் அநேகமாக ஒருவரின் உழைப்பில்தான் லீசிங்கும் கட்டுகிறோம், பிள்ளையையும் படிக்க வைக்கிறோம். அவர் ஒரு வருஷம் படுக்கையில் விழுந்தால் வண்டியும் போகும், பிள்ளையின் படிப்பும் போகும். ஆகவே மகன் வண்டி கேட்டால், லைசன் எடுக்கவும் நல்ல ஹெல்மட் வாங்கவும் சேர்த்துக் காசு ஒதுக்குங்கள். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். அவன் அழுதாலும் பரவாயில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு இதே மைதானத்தில் முதல் பயிற்சி. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் பிள்ளை மடுவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எனது அறைக்கு வாருங்கள். காசு ஒன்றும் தேவையில்லை. ஹெல்மட்டைக் கொண்டு வாருங்கள், பட்டி அறுந்திருந்தால் தைத்துக்கொண்டு வாருங்கள்.