ஐம்பதுக்கு மேல் ஓட்டம்

(அக்ரஹாரத்தில் நடைபெற்ற ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

அவைத் தலைவர் அவர்களே! தாய்மார்களே! பெரியோர்களே! இவர் எப்போது முடிப்பார், நாடகம் எப்போது தொடங்கும் என்று முன் வரிசையில் காத்திருக்கும் குழந்தைகளே!

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் பேசுவார்கள். இவ்வாண்டு செயலாளர் என்னிடம் வந்து, “நீங்கள் காலையில் ஓடுகிறீர்களே, அதைப் பற்றிப் பேசுங்கள்” என்றார். இலக்கியம் பேச நீ தகுதியுடையவன் அல்லன் என்பதை இத்துணை நாகரிகமாக எவரும் எனக்கு உணர்த்தியதில்லை! ஆனால் நான் ஓட்டத்திலும் வல்லவன் அல்லன். முப்பது ஆண்டுகள் நாற்காலியில் அமர்ந்து கணக்கு எழுதியவன். ஐம்பத்திரண்டாம் வயதில்தான் ஓடத் தொடங்கினேன். ஆகவே, தொடங்குவது எப்படி என்பதைப் பற்றி மட்டுமே பேச எனக்கு உரிமை உண்டு.

முதலில் ஒரு துயரத்தைச் சொல்ல வேண்டும். 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் நடிகர் புனீத் ராஜ்குமார் மறைந்தார். வயது நாற்பத்தாறு. கன்னட நாடே கலங்கியது. நம் தெருவில் அன்று கடைகள் அடைக்கப்பட்டதும், தமிழ் வீடுகளிலும் அழுகுரல் கேட்டதும் பலருக்கு நினைவிருக்கும். அதற்கு எட்டுத் திங்கள் முன்பு என் தம்பியும் அதே நாற்பத்தாறாம் வயதில், அதே மாரடைப்பால், உணவு உண்டு எழுந்தவன் கை கழுவும் இடத்திலேயே சாய்ந்தான்.

புனீத் உடலைப் பேணியவர். நாள்தோறும் பயிற்சி செய்தவர். என் தம்பியோ பேருந்தைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை. “பயிற்சி செய்தவரே போய்விட்டார், இனி எதற்கு ஓட்டமும் சாட்டமும்” என்று நம் தெருவில் பலர் நடப்பதையும் நிறுத்தினார்கள். என் மனைவியாரும் அவ்வாறே சொன்னார். நான் என் தம்பியை நினைத்துக்கொண்டேன். சும்மா இருந்தவனும்தானே போனான்? இரண்டு சாவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கியது: இருவர் நெஞ்சுக்குள்ளும் என்ன இருந்தது என்று வெளியிலிருந்து பார்த்த எவருக்கும் தெரியாது. ஓடுவதா, உட்காருவதா என்பது அடுத்த கேள்வி. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்வதே முதற் கேள்வி.

ஆகவே வைத்தியரிடம் சென்றேன். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தது. இதயத் துடிப்பைப் பதிவு செய்தார். பின்னர் ஓடும் பட்டையின்மேல் நடக்கவிட்டும் சோதித்தார். “ஓடலாம், ஆனால் ஓடாதீர்” என்றார்! திகைத்து நின்றேன். “முதல் ஒரு மாதம் நடங்கள்” என்று விளக்கினார். நாற்பதைக் கடந்தவர்கள், சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள், வீட்டில் எவரேனும் இளவயதில் இதய நோயால் இறந்திருப்பவர்கள் – இவர்கள் வைத்தியரைக் காணாமல் ஓட்டத்தைத் தொடங்கலாகாது. இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

வைத்தியர் சொன்னதை நான் கேட்டேனா? இல்லை. பத்து நாள் நடந்தேன், மூச்சு நன்றாக இருந்தது, கர்வம் தலைக்கேறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமுண்டி மலைக்குச் சென்றேன். பதினேழாம் நூற்றாண்டில் தொட்ட தேவராஜ உடையார் அமைத்த ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள். ஏறியது குற்றமன்று, நந்தியருகே இளைப்பாறி, உச்சிக்குச் சென்று அம்மனை வணங்கியதும் குற்றமன்று. இறங்கும்போது ஓடினேன்! பக்கத்தில் இரண்டு சிறுவர்கள் ஓடினார்கள். அவர்களுக்கு நான் சளைத்தவனா என்ற எண்ணம். மறுநாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. மூன்றாம் நாள் இடது முழங்காலின் கீழே, முன்னெலும்பு நெடுக வலி. ஆறு வாரம் நொண்டினேன். அக்ரஹாரம் முழுவதும் அதற்குச் சாட்சி.

ஏன் இவ்வாறு நேர்ந்தது என்பதைப் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தடுத்து நிறுத்த வேண்டும். தசை நார்கள் மிகுதியாகக் கிழிபடுவது இந்த இரண்டாவது வேலையில்தான். அன்றியும், ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் நம் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட அடிகள். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதயமும் நுரையீரலும் தசையும் சில வாரங்களிலேயே பழகிவிடும். எலும்பும், தசையை எலும்போடு கட்டும் நாணும் பழகச் சில மாதங்கள் ஆகும். எலும்பு தன்னைப் பலப்படுத்திக்கொள்ளும் விதமும் வேடிக்கையானது. பழைய வீட்டைப் பழுது பார்க்கும் கொத்தனார் முதலில் காரையைப் பெயர்க்கிறார் அல்லவா? அதுபோல் எலும்பும் முதலில் பழைய பகுதியைக் கரைத்து, அதன் பின்னரே புதியதைக் கட்டுகிறது. இடைப்பட்ட வாரங்களில் சுவர் முன்னினும் மெலிந்திருக்கும். அந்த வாரங்களில்தான் புதியவருக்கு மூச்சு கைவந்து, “இன்னும் கொஞ்சம் ஓடலாமே” என்ற ஆசை பிறக்கிறது. என்னைப் போன்றவர்கள் கவிழ்வது அங்கேதான்.

மெதுவாக ஓடுவது ஒரு தனிக் கலை என்பதை உலகம் அறிந்ததே அண்மையில்தான். நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்ற பயிற்சியாளர் இருந்தார். ஒலிம்பிக் வீரர்களை உருவாக்கியவர். 1960-களின் தொடக்கத்தில், இதய நோய் கண்டவர்களும் பருத்த உடலினரும் மெல்ல ஓடும் ஒரு கூட்டத்தை ஆக்லாந்து நகரில் வளர்த்தார். 1962-இன் இறுதியில் அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன் அங்கே விருந்தினராகச் சென்றார். ஐம்பதை நெருங்கிக் கடந்தவர். தாம் திடமாக இருப்பதாக எண்ணியவர். அந்தக் கூட்டத்தோடு ஒரு நாள் ஓடினார். எழுபதைத் தாண்டிய, மாரடைப்பு கண்ட முதியவர் ஒருவர் இவருக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பேச்சுத் துணையாக உடன் வந்தாராம்! பதில் சொல்ல இவருக்கு மூச்சில்லை. நாடு திரும்பிய பவர்மன் ஊராரைக் கூட்டி ஓடவைத்தார். இதய வைத்தியர் ஒருவரோடு சேர்ந்து 1967-இல் ‘ஜாகிங்’ என்னும் நூலை வெளியிட்டார். இன்று உலகெங்கும் பூங்காக்களில் ஓடும் சாமானியர்களின் கதைக்கு இது ஒரு தொடக்கம்.

அந்த முதியவரிடம் நாம் கற்க வேண்டியது பேச்சு. ஓடும்போது பேச முடிய வேண்டும். எனக்கு நானே ஓர் அளவுகோல் செய்துகொண்டேன். குறள் ஏழு சீர். ஓடிக்கொண்டே ஒரு குறளை இடையில் மூச்சு வாங்காமல் சொல்லிப் பாருங்கள். ஏழு சீரும் வந்தால் வேகம் சரி. நான்காம் சீரில், அதாவது முதலடி முடிவில், மூச்சு நின்றால் வேகம் மிகுதி, நடக்கத் தொடங்கிவிடுங்கள். கையில் கட்டும் விலையுயர்ந்த கடிகாரம் சொல்வதைவிட இது பிழையற்றது என்று நான் துணிந்து கூறுவேன். புலவர் எவரேனும் கோபித்தால் பொறுத்தருள வேண்டும்.

நான் மறுபடி தொடங்கிய முறை இது. நான்கு வாரம் நடை மட்டும். வாரத்தில் நான்கு நாள், அரை மணி. பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, பத்து முறை. ஒரு நாள் ஓடினால் மறுநாள் ஓய்வு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஓட்டத்தைச் சிறிது நீட்டினேன். ஒன்பது வாரத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓடச் செய்யும் திட்டம் ஒன்று 1996 முதல் உலகில் வழங்குகிறது. எனக்கு ஒன்பது வாரம் போதவில்லை, இருபது ஆயிற்று. எவரும் என் சம்பளத்தைக் குறைக்கவில்லை.

காலணி குறித்துக் கேட்கிறார்கள். அபேபே பிகிலா 1960-இல் ரோமாபுரியில் வெறுங்காலோடு ஓடி மாரத்தானில் வென்றார் என்பது உண்மை. நம் பெல்காம் பக்கத்து படேப்பா சௌகுலே 1920-இல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓடிப் பத்தொன்பதாவதாக வந்தார் என்பதும் உண்மை. அவர்கள் சிறு வயது முதல் ஓடிப் பழகியவர்கள். நாம் மாலையில் கடைக்குச் சென்று, கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், பெருவிரலுக்கு முன்னே ஒரு விரற்கடை இடம் விட்டு வாங்குவோம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஓடி வந்ததும் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறு கொப்புளமும் பகை. இன்சுலின் போடுபவர்களும் சில மாத்திரைகள் உண்பவர்களும் சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலம் வைத்திருப்பது நலம். நெஞ்சில் அழுத்தம், தாடையிலோ கையிலோ பரவும் வலி, தலைச்சுற்றல், காரணமற்ற மூச்சிறைப்பு – இவற்றில் எது வந்தாலும் அங்கேயே நின்றுவிடுங்கள். ‘வாயு’ என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். என் தம்பி இரண்டு நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

“முழங்கால் தேய்ந்துவிடுமே” என்பது அடுத்த அச்சம். 2017-இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த அறிஞர்கள், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்கும், ஓடாமல் இருப்பவர்களில் பத்துப் பேருக்கும் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்வு இருந்ததாகக் கண்டார்கள். மிகக் கடுமையாகப் போட்டிக்கு ஓடுபவர்களிடம் அது பதின்மூன்றாக உயர்ந்தது. மிதமாக ஓடுகிறவனே பிழைத்தான்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. நெடுந்தூரம் ஓடப் பெண்களின் உடல் தாங்காது என்று மேனாட்டு அறிவாளிகளே நெடுங்காலம் கூறினர். 1928 ஒலிம்பிக்கில் பெண்களுக்கு எண்ணூறு மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். பிறகு 1960 வரை அதையே எடுத்துவிட்டார்கள். பெண்கள் மாரத்தான் ஒலிம்பிக்கில் நுழைந்தது 1984-இல்தான். நம் புதுக்கோட்டையைச் சேர்ந்த சூர்யா 2016 தெற்காசிய விளையாட்டில் ஐயாயிரம், பத்தாயிரம் மீட்டர் இரண்டிலும் தங்கம் பெற்றார். இங்கே தடை உடலன்று. காலை ஐந்தரை மணிக்கு அடுப்படியில் யார் நிற்பது என்பதே. நான் ஓடத் தொடங்கிய ஆறாம் மாதம் என் மனைவியார், “நீங்கள் இரண்டு நாள் காப்பி போடுங்கள், நான் இரண்டு நாள் வருகிறேன்” என்றார். இப்போது அவர் முன்னே ஓடுகிறார். காப்பியைப் பற்றி அவர் சொல்வதை இங்கே சொல்ல வேண்டியதில்லை.

தெருவார் சிரிப்பார்கள். முதல் நாள் நான் ஓடியபோது பால் வாங்க வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர், “ஏன் சார், நாயி பந்தித்தா?” என்று பதறிக் கேட்டார். நாயும் சில நாள் வரத்தான் செய்தது. அப்போது ஓடாமல் நின்று நடப்பதே உபாயம். சென்ற மாதம் அந்தப் பெரியவரே தம் மருமகனை என்னிடம் அனுப்பினார்.

பஞ்சாபிலிருந்து இங்கிலாந்தில் குடியேறிய பௌஜா சிங் என்ற முதியவரைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். மனைவியை இழந்து, பின்னர் மகனையும் விபத்தில் இழந்து, துயரம் தாங்காமல் ஓடத் தொடங்கினார். 2000-இல் இலண்டன் மாரத்தானை எண்பத்தொன்பதாம் வயதில் ஓடி முடித்தார். 2025-இல் சாலை விபத்தில் மறைந்தார். அவர் துயரத்தில் ஓடியது எனக்கு நன்றாகப் புரிகிறது. குக்கரஹள்ளி ஏரிக்கரையில், பனி விலகாத நேரத்தில், நீர்ப்பறவைகளின் ஒலிக்கு நடுவே, நான் பல நாள் என் தம்பியோடு பேசிக்கொண்டுதான் ஓடியிருக்கிறேன். பேச முடிந்தால் வேகம் சரி என்றேன் அல்லவா?

அந்த ஏரி மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1864-இல் வெட்டியது, குவெம்புவும் ஆர்.கே. நாராயணும் உலாவிய கரை. தரை மண், காலுக்கு இதம். நிழலும் உண்டு. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அதன் வாயிலில் நானும் என் மனைவியாரும் நிற்போம். முதல் நாள் நடை மட்டுமே. வைத்தியரைப் பார்த்துவிட்டு, ஒரு குறளை மனப்பாடம் செய்துகொண்டு வாருங்கள்.

குழந்தைகள் ஒப்பனையோடு திரைக்குப் பின்னே நெளிகிறார்கள். அவர்களுக்கு வழி விடுகிறேன்.